வேரிங் கணக்கில் எஸ். எஸ். பிள்ளை சரியாக எதை நிரூபித்தார்?

நீங்கள் கேட்டிருப்பது இது: "வேரிங் கணக்கைத் தீர்த்தவர் எஸ். எஸ். பிள்ளை என்ற தமிழர் என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றுகிறது. உண்மையா? ராமானுஜனுக்கு அடுத்தவர் என்கிறார்களே, அப்படி என்ன செய்தார்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்வதென்றால் எதைக் காட்டுவது?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மேதை என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகாமல், அந்த மனிதர் போட்ட கணக்கைக் கையில் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். பிள்ளையின் ஆய்வில் ஒரு நல்ல பங்கு, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் வாசல்வரை போய்ப் பார்க்கக்கூடியது.

முதலில் அந்தச் செய்தியைத் திருத்திக்கொள்வோம். எட்வர்ட் வேரிங் கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர். எந்த எண்ணையும் அதிகபட்சம் 4 வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம், 9 கனங்களின் கூட்டாக எழுதலாம், 19 நான்காம் அடுக்குகளின் கூட்டாக எழுதலாம், மற்ற அடுக்குகளுக்கும் இப்படியே என்று 1770-இல் நிரூபணம் இல்லாமல் எழுதிவைத்தார். இதுதான் வேரிங் கணக்கு. வர்க்கத்துக்கு 4 போதும் என்பதை அதே 1770-இல் லக்ராஞ்சு நிரூபித்தார். கனத்துக்கு 9 என்பதை 1909-இல் வீஃபரிக் நிரூபித்தார்; அதில் இருந்த ஓட்டையை 1912-இல் கெம்ப்னர் அடைத்தார். அதே 1909-இல் ஹில்பர்ட், எந்த அடுக்கை எடுத்தாலும் இப்படி ஒரு வரம்பு கட்டாயம் உண்டு என்று நிரூபித்தார். ஆனால் அந்த வரம்பு எத்தனை என்று அவருடைய நிரூபணம் சொல்லவில்லை. "உண்டா" என்ற கேள்வியை முடித்தவர் ஹில்பர்ட். "எத்தனை" என்ற கேள்வி அப்படியே நின்றது. பிள்ளை கைவைத்தது அங்கேதான்.

ஏழாம் அடுக்கு முதல் மேலே உள்ள அடுக்குகளுக்குச் சரியான எண்ணிக்கையைத் தரும் சூத்திரத்தை, ஒரு நிபந்தனையோடு, அவர் 1935–36 காலத்தில் நிரூபித்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் சிகாகோவில் லியோனர்ட் டிக்சனும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். ஆறாம் அடுக்கு இருவர் பிடிக்கும் சிக்காமல் நின்றது. அதற்கு விடை 73 என்று 1940-இல் பிள்ளை நிரூபித்தார். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று 1964-இல் சென் ஜிங்ருன் நிரூபித்தார். நான்காம் அடுக்குக்கு 19 என்பதை 1986-இல் ஆர். பாலசுப்பிரமணியன், தெஷுயே, த்ரெஸ் மூவரும் நிரூபித்தார்கள். வேரிங் எழுதிய அந்த 19 நிரூபணமாக மாற 216 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஆகவே "வேரிங் கணக்கைத் தீர்த்தவர்" என்று மொத்தமாகச் சொல்வது தவறு. "ஆறாம் அடுக்கைத் தனியாகவும், ஏழும் அதற்கு மேலும் டிக்சனுக்கு இணையாகவும் தீர்த்தவர்" என்பது சரி. இந்தச் சரியான வாக்கியமே போதிய அளவு பெரியது. ஊதிப் பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லை.

73 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆறாம் அடுக்குகள் 1, 64, 729, 4096 என்று போகும். 729-க்குக் கீழே உள்ள எண்ணை எழுத நம்மிடம் இருப்பது 1-உம் 64-உம் மட்டும். அந்த எல்லைக்குள் மிக மோசமான எண் எது? 729-க்குள் 64 பதினொரு முறை போகும்; 11 × 64 = 704. அதற்கு ஒன்று குறைவான 703-ஐ எடுங்கள். அதில் 64 பத்து முறைதான் போகும், மீதி 63. அந்த 63-ஐயும் ஒன்று ஒன்றாகத்தான் கூட்டியாக வேண்டும். 10 + 63 = 73. எந்தத் தந்திரம் செய்தாலும் 703-க்கு 73 ஆறாம் அடுக்குகள் வேண்டும். இதே கணக்கை நான்காம் அடுக்குக்குப் போட்டால் 79 வரும்: 16 நான்கு முறை, மீதி 15, மொத்தம் 19. கனத்துக்குப் போட்டால் 23: 8 இரண்டு முறை, மீதி 7, மொத்தம் 9. ஐந்தாம் அடுக்குக்கு 223: 32 ஆறு முறை, மீதி 31, மொத்தம் 37. வேரிங்கின் எண்கள் எல்லாம் இந்த ஒரே அச்சில் வார்த்தவை. பொதுவாகச் சொன்னால், 3-இன் அடுக்கை 2-இன் அதே அடுக்கால் வகுத்து வரும் ஈவோடு 2-இன் அடுக்கைக் கூட்டி 2 கழித்தால் விடை. ஏழாம் அடுக்குக்கு 3⁷ = 2187, 2⁷ = 128, ஈவு 17; 128 + 17 − 2 = 143. எட்டாம் அடுக்குக்கு 6561-ஐ 256-ஆல் வகுக்க ஈவு 25, விடை 279.

இதுவரை சொன்னது எளிய பாதி. "இத்தனைக்குக் குறையாது" என்பதற்கு ஓர் எண்ணைக் காட்டினால் போதும். "இத்தனைக்கு மேல் எந்த எண்ணுக்கும் தேவைப்படாது" என்பதுதான் மலை, ஏனென்றால் எண்களுக்கு முடிவில்லை. பிள்ளையும் டிக்சனும் அந்த மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்தார்கள். மேலிருந்து வருவது ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1920-களில் உருவாக்கி, 1930-களில் வினோகிரதோவ் கூர்தீட்டிய பகுப்பாய்வு முறை. ஒரு குறிப்பிட்ட மாபெரும் எண்ணைத் தாண்டிய எல்லா எண்களுக்கும் இத்தனை அடுக்குகள் போதும் என்று அது சொல்லும். அந்த மாபெரும் எண் எவ்வளவு என்று மதிப்பிட்டு எழுதினால்தான் இங்கே பயன். "போதிய அளவு பெரிய எண்" என்று விட்டுவிட்டால் கீழிருந்து வருகிறவர் எதுவரை ஏற வேண்டும் என்றே தெரியாது.

கீழிருந்து ஏறுவது ஓர் ஏணி. 1-இலிருந்து தொடங்கிக் கையால் சோதித்து, ஏதோ ஓர் இடைவெளிக்குள் உள்ள எல்லா எண்களும் இத்தனை ஆறாம் அடுக்குகளில் அடங்கும் என்று காட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியின் நீளம் 3367-க்குக் குறையாமல் இருந்தால் ஒரு வசதி பிறக்கிறது. 4⁶-க்கும் 3⁶-க்கும் உள்ள வித்தியாசம் 4096 − 729 = 3367; அதற்குக் கீழே உள்ள வித்தியாசங்கள் 665, 63, 1. ஆகவே அந்த இடைவெளியை அப்படியே தூக்கி 1, 64, 729, 4096 தூரம் நகர்த்தி நகர்த்தி வைத்தால் நடுவில் சந்து விழாது. ஒரே ஓர் ஆறாம் அடுக்கைக் கூடுதலாகச் செலவழித்து, மேல் எல்லையை 4096 உயர்த்திவிடலாம். நீளம் 15625 − 4096 = 11529 ஆகிவிட்டால் 5⁶ = 15625 வரை தாண்டலாம். இப்படி ஏற ஏறத் தாவல் நீண்டுகொண்டே போகும். ஆறாம் அடுக்கில், எண்கள் பெரிதானபின், இலக்கங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஓர் அடுக்கு செலவு. கையிருப்பு மொத்தம் 73. அது தீருவதற்குள் மேலிருந்து வரும் எல்லையைத் தொட்டாக வேண்டும்.

ஏழாம் அடுக்கு முதலில் விழுந்து, அதைவிடச் சிறிய ஆறு பின்னால் விழுந்தது ஏன் என்று பலர் கேட்பார்கள். விடை இந்தக் கையிருப்பில்தான் இருக்கிறது. அடுக்கு ஒன்று கூடினால் கையிருப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது: 37, 73, 143, 279. மேலிருந்து வரும் பகுப்பாய்வு முறைக்குத் தேவைப்படும் எண்ணிக்கையோ அவ்வளவு வேகமாக வளர்வதில்லை. ஆகவே அடுக்கு பெரிதாகப் பெரிதாக இடம் தாராளம். சிறிதாகச் சிறிதாக நெருக்கடி. ஆறில் அந்த நெருக்கடி கழுத்துவரை வந்துவிடுகிறது. கணினி இல்லாத காலத்தில், மேல் எல்லையைக் கீழே இழுக்க ஒவ்வொரு மதிப்பீட்டையும் இறுக்கி, கீழ்ப் பகுதியைக் கையால் அட்டவணை போட்டு, இரண்டையும் சந்திக்க வைத்தார் பிள்ளை. 1940-இல் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் வந்த அந்தக் கட்டுரை பத்துப் பன்னிரண்டு பக்கம்தான். அதன் பின்னால் இருக்கும் உழைப்பைப் பக்கக் கணக்கில் அளக்க முடியாது. ஐந்துக்கும் நான்குக்கும் இன்னும் பல பத்தாண்டுகள் ஆனதைப் பார்த்தாலே ஆறு எவ்வளவு கடினம் என்பது புரியும்.

மேலே "ஒரு நிபந்தனையோடு" என்றேன். எது உறுதி, எது இன்னும் உறுதியில்லை என்பது பிரியும் இடம் அதுதான். 3-இன் அடுக்கை 2-இன் அடுக்கால் வகுக்கும்போது ஈவோடு மீதியையும் பாருங்கள். ஈவும் மீதியும் சேர்ந்து 2-இன் அடுக்கைத் தாண்டாமல் இருந்தால் சூத்திரம் சரி. ஆறாம் அடுக்கில் ஈவு 11, மீதி 25. கூட்டினால் 36, 64-க்குள் அடங்குகிறது. ஏழில் 17 + 11 = 28, 128-க்குள் அடங்குகிறது. ஐந்தில் 7 + 19 = 26, 32-க்குள் கொஞ்சம் நெருக்கியடித்து அடங்குகிறது. இது எப்போதாவது மீறப்படுமா? 1957-இல் மாலர், மீறும் அடுக்குகள் இருந்தாலும் அவை எண்ணி முடியக்கூடியவையே என்று நிரூபித்தார். ஆனால் எதுவரை தேடினால் போதும் என்பதை அந்த நிரூபணம் தராது. 1990-இல் கணினி கொண்டு 47 கோடியே 16 லட்சம்வரை சோதித்தார்கள், ஒன்றுகூட மீறவில்லை. மீறவே மீறாது என்று இன்றுவரை எவரும் நிரூபிக்கவில்லை. மீறினால் என்ன விடை என்பதற்கும் வேறொரு சூத்திரம் தயாராக இருக்கிறது. டிக்சனும் பிள்ளையும் விட்ட விளிம்பு நிலைகளை 1940-களில் ருபுகுண்டேயும் நிவனும் முடித்துவைத்தார்கள். ஆகவே எந்த அடுக்கைக் கொடுத்தாலும் அதற்கு உரிய விடையை இன்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். ஒரே சூத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்துமா என்பது மட்டும் திறந்த கேள்வி.

டிக்சனா பிள்ளையா, யார் முந்தி என்ற சண்டைக்குள் போக வேண்டாம் என்பேன். இருவரும் ஒருவரையொருவர் சாராமல் செய்தார்கள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்தார்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பிள்ளையின் கட்டுரைகளில் பல அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழிலும் வந்தவை. அன்றைக்குச் சிதம்பரத்தில் அச்சான ஓர் இதழ் சிகாகோவிலோ கேட்டிங்கனிலோ ஒருவர் மேசையை அடைய எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை யோசித்தாலே, அவர் பெயர் டிக்சன் அளவுக்குப் பரவாததற்குப் பாதிக் காரணம் கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு.

வாழ்க்கையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. குற்றாலத்துக்கு அருகில் உள்ள வல்லத்தில் 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்தார். பிறந்து ஓராண்டில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையையும் இழந்தார். செங்கோட்டையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் கைகொடுத்ததால்தான் படிப்பு நிற்காமல் தொடர்ந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. நாகர்கோவில்காரர் என்று சிலர் எழுதுவது அவர் அங்கே படித்ததால் வந்த குழப்பமாக இருக்கலாம். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து, கே. ஆனந்தராவ், ஆர். வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் பயின்றார். இந்த ஆனந்தராவ், ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த அதே ஆண்டுகளில் அங்கே படித்தவர். ராமானுஜனோடு பிள்ளைக்கு உள்ள உண்மையான தொடர்பு இந்த வழியாக வருவதுதான். "அடுத்தவர்" என்ற பட்டத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. ராமானுஜன் சூத்திரங்களைக் கண்டெடுத்தவர். பிள்ளை ஒரு கேள்வியைப் பிடித்தால் கடைசி எண்வரை சோதித்து மூடுகிறவர். இரண்டும் வெவ்வேறு வகைத் திறமை.

1929-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே ஆண்டில், அங்கே விரிவுரையாளரானார். 1941 வரை சிதம்பரம். அவருடைய மிகச் சிறந்த வேலைகள் எல்லாம் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்தவை. பிறகு ஓராண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம், 1942 முதல் கல்கத்தா பல்கலைக்கழகம். 1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டு தங்க அழைத்தது. கூடவே மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் உலகக் கணித மாநாடு. புறப்பட்டவர் போய்ச் சேரவில்லை. 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் எகிப்திலேயே விழுந்து நொறுங்கியது. பயணம் செய்த 55 பேரும் இறந்தார்கள். மாநாடு அதற்கு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது. அவருக்கு வயது 49.

வேரிங் கணக்கைத் தவிர்த்து அவர் செய்ததில் இன்றும் ஆய்வாளர்களை இழுத்துக்கொண்டிருப்பது அடுக்குகளுக்கு இடையே உள்ள தூரம் பற்றிய கேள்வி. வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128, 144. அடுத்தடுத்த வித்தியாசங்கள் 3, 4, 1, 7, 9, 2, 5, 4, 13, 15, 17, 19, 21, 4, 3, 16 என்று தாறுமாறாக ஏறி இறங்கும். போகப் போக இந்த இடைவெளிகள் எல்லையின்றிப் பெரிதாகும், அதாவது எந்த வித்தியாசமும் எண்ணி முடியக்கூடிய தடவைகளே வரும் என்பது பிள்ளையின் ஊகம். வித்தியாசம் 1 என்பது 8, 9 இரண்டுக்கும் இடையில் மட்டுமே வரும் என்று 2002-இல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். வித்தியாசம் 2-க்கு 25, 27 கண்ணுக்குத் தெரிகிறது; வேறு எத்தனை ஜோடி உண்டு, எண்ணிக்கைக்கு முடிவுண்டா என்பதுகூட நிரூபணமாகவில்லை. 2 என்ற சின்ன எண்ணுக்கே இந்த நிலை.

அதே திசையில் 2-இன் அடுக்குகளையும் 3-இன் அடுக்குகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். 16 − 3 = 13; 256 − 243 = 13. ஆக 13 இரண்டு வழியில் வருகிறது. 8 − 3 = 5, 32 − 27 = 5; இதுவும் இரண்டு வழி. 3 − 2 = 1, 9 − 8 = 1. இந்த 13-க்கு மேல், 3-இன் அடுக்கிலிருந்து 2-இன் அடுக்கைக் கழித்தாலும், திருப்பிக் கழித்தாலும், அந்தந்தத் திசைக்குள் ஒரே விடை இரண்டு முறை வராது என்பது அவர் கணிப்பு. வித்தியாசம் போதிய அளவு பெரிதாக இருந்தால் இரண்டு முறை வராது என்பதை 1936-இலேயே, 2, 3 மட்டுமல்லாமல் பொதுவான அடிகளுக்கும் நிரூபித்திருந்தார். ஆனால் "போதிய அளவு" எவ்வளவு என்று அன்றைய கருவிகளால் சொல்ல முடியவில்லை. ஆலன் பேக்கரின் முறை வந்தபிறகு, 1982-இல் ஸ்ட்ரூக்கரும் டைடெமனும் அந்த எல்லை 13-தான் என்று உறுதிசெய்தார்கள். கையால் எழுதிப் பார்த்து அவர் போட்ட கோடு, இம்மி பிசகாமல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. வேரிங் நிபந்தனையும் 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கோடு எவ்வளவு நெருங்குகிறது என்ற கேள்விதானே. இரண்டு ஆய்வுக்கும் வேர் ஒன்று.

மற்றவற்றை வேகமாகக் கடக்கிறேன். எஸ். சௌலாவோடு சேர்ந்து 1930-இல் ஆய்லர் சார்பின் (ஓர் எண்ணுக்குள் அதனோடு பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று சொல்வது) கூட்டுத்தொகையில் வரும் பிழை பற்றி எழுதியது, தசம விரிவில் இலக்கங்கள் சமமாகப் பரவும் எண்கள் பற்றி 1939, 1940-இல் எழுதியவை, 1933-இல் மீப்பெரு பொதுக் காரணிகளைக் கூட்டும் ஒரு சார்பைப் பற்றி எழுதியது. கடைசியாகச் சொன்னது பள்ளிக்கும் ஆகும்: 6-ஐ 1 முதல் 6 வரை ஒவ்வொன்றோடும் சேர்த்து மீப்பெரு பொதுக் காரணி எடுத்தால் 1, 2, 3, 2, 1, 6, கூட்டினால் 15. 2-க்கு அந்தக் கூட்டு 3, 3-க்கு 5; 3 × 5 = 15. தற்செயல் இல்லை, பொதுக்காரணி இல்லாத இரண்டு எண்களுக்கு எப்போதும் இப்படிப் பெருகும்.

பத்தாம் வகுப்புக்கு எதைக் காட்டுவது என்றால், என் தேர்வு வேரிங் அல்ல. 1940-இல் பிள்ளை நிரூபித்த இன்னொரு உண்மை: அடுத்தடுத்த 16 எண்களை எங்கிருந்து எடுத்தாலும், அவற்றில் ஓர் எண்ணாவது மற்ற 15-உடனும் பொதுக்காரணி இல்லாமல் தனித்து நிற்கும். 16-க்குக் குறைவாக எடுத்தாலும் அப்படியே. 17 எடுத்தால் அது உடைகிறது. 17 முதல் 430 வரை எந்த நீளத்துக்கும் உடையும் என்று பிள்ளையும், 17-க்கு மேல் எல்லா நீளத்துக்கும் உடையும் என்று 1941-இல் ஆல்ஃபிரட் பிரவுவரும் காட்டினார்கள். உடையும் முதல் இடம் 2184 முதல் 2200 வரை.

அதை வகுப்பில் இப்படிச் செய்யுங்கள். 17 எண்களையும் கரும்பலகையில் ஒரே வரிசையில் எழுதுங்கள். தேவையான பகா எண்கள் எவை என்று முதலில் கேளுங்கள். இரண்டு எண்களுக்குப் பொதுவான காரணி, அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். இங்கே வித்தியாசம் 16-ஐத் தாண்டாது. ஆகவே 2, 3, 5, 7, 11, 13 மட்டும் போதும். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் 2193 = 3 × 17 × 43 என்று கண்டுபிடித்து 17-க்குத் துணை தேடிக்கொண்டிருப்பார்கள்; 17-க்கு இந்த வரிசையில் துணை இருக்கவே முடியாது. இரட்டை எண்களை முதலில் அடித்துவிடுங்கள். அவை தங்களுக்குள் 2-ஐப் பகிர்கின்றன. எட்டு ஒற்றை எண்கள் மிஞ்சும். 2187, 2193, 2199 மூன்றும் 3-இன் மடங்குகள். 2185, 2195 இரண்டும் 5-இன் மடங்குகள். 2191 = 7 × 313; அதற்குத் துணை 2184-உம் 2198-உம். மிஞ்சுவது 2189, 2197. பெரும்பாலும் இந்த இரண்டையும் பகா எண் என்று எழுதிவிடுவார்கள். வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 2189 = 11 × 199, வரிசையின் கடைசியில் நிற்கும் 2200-ஓடு 11-ஐப் பகிர்கிறது. 2197 = 13 × 13 × 13, முதலில் நிற்கும் 2184-ஓடு 13-ஐப் பகிர்கிறது.

இப்போது 2200-ஐ அழியுங்கள். 16 எண்கள். 2189-க்கு இருந்த ஒரே துணை போய்விட்டது. அது தனித்து நிற்கிறது. 2200-ஐத் திரும்ப எழுதி 2184-ஐ அழியுங்கள். இப்போது 2197 தனித்து நிற்கிறது. தேற்றம் சொல்வது கண்முன்னே நடக்கும். நிரூபணத்தின் வாசனையும் காட்ட விரும்பினால் 5 எண்களுக்குக் காட்டுங்கள். வித்தியாசம் 4-ஐத் தாண்டாததால் 2, 3 இரண்டும்தான் கணக்கு. ஐந்தில் குறைந்தது இரண்டு ஒற்றை எண்கள் அடுத்தடுத்து வரும், அவற்றின் வித்தியாசம் 2. இரண்டுமே 3-இன் மடங்காக இருக்க முடியாது. 3-இன் மடங்காக இல்லாத அந்த ஒற்றை எண்தான் தனித்து நிற்பது. 16 வரை இதே யோசனைதான், வகைகள் மட்டும் பெருகிக்கொண்டே போகும். "பொதுக்காரணி இல்லை" என்பதையும் "பகா எண்" என்பதையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நேரும் தவறு. 2200 இல்லாதபோது தனித்து நிற்கும் 2189 பகா எண் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினால் தெளிந்துவிடும்.

வேகமாக முடித்துவிடும் பிள்ளைகளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 = 30030. அந்த 17 எண்களோடும் 30030-ஐக் கூட்டினால் 32214-இல் தொடங்கும் இன்னொரு வரிசை கிடைக்கும். 30030-இலிருந்து அவற்றைக் கழித்தால் அதற்கும் முன்னால் ஒன்று: 27830 முதல் 27846 வரை. அதில் 11-ஐயும் 13-ஐயும் பகிரும் ஜோடிகளை அவர்களே தேடட்டும். விடை 27830, 27841 ஒரு ஜோடி. 27833, 27846 மற்றொன்று.